காவடிக்கும் கல்யாணத்துக்கும் உயர்ரக மிரர்லெஸ் கேமரா: மொரீஷியஸில் வீடியோ எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொரீஷியஸில் கல்யாணம், கோயில் திருவிழா, அரங்கேற்றம் என்று வீடியோ எடுக்கும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குப் பதில்கள் இவை. பாடிக்கு (லென்ஸ் சேராத கேமராவுக்கு) மட்டும் 2,000 முதல் 4,000 டாலர் வரை செலவழிக்கலாமா என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். சில இடங்களில் கடைக்காரர் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் ஒத்துப்போகாது.

ஃபோனும் பழைய கேமராவும் வைத்துச் சமாளிக்கிறேன். உயர்ரக கேமரா எனக்குத் தேவையா?

நீங்கள் எடுப்பது இன்னொரு தடவை நடக்குமா என்று பாருங்கள். உணவகத்துக்கு விளம்பரம், பாட்டு வீடியோ, ரீல்ஸ் என்றால் சரியாக வராததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஆயிரம் டாலர் கேமராவே தாராளம். தாலி கட்டும் நேரம் அப்படியில்லை. அலகு குத்துவது, பாற்குடம் சன்னதிக்குள் போவது, தீயில் முதல் கால் வைப்பது எதுவும் உங்களுக்காக இரண்டாவது முறை நடக்காது. உயர்ரக பாடிக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பங்கு, அந்த நேரத்தில் கேமரா நிற்காமல் ஓடுவதற்காகக் கொடுப்பது என்றே நான் நினைக்கிறேன். படத்தின் அழகில் 1,500 டாலர் கேமராவுக்கும் 4,000 டாலர் கேமராவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்யாண வீட்டார் யாரும் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

நான் பார்க்கும் வரிசை இது: உள்ளே மின்விசிறி இருக்கிறதா, இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகுமா, ஓடிக்கொண்டிருக்கும்போதே யுஎஸ்பி வழியாக மின்சாரம் ஏற்றலாமா, 10 பிட் பதிவு (நிறங்களை இன்னும் நுணுக்கமான படிகளில் பதிவது) உண்டா. எத்தனை மெகாபிக்சல், எத்தனை கே என்பதெல்லாம் அதற்கப்புறம்.

சரி, பெயரைச் சொல்லுங்கள். எந்த மாடல்?

நாள் முழுக்க நிகழ்ச்சி எடுப்பவருக்கு என் முதல் சிபாரிசு பானசோனிக் லூமிக்ஸ் எஸ்5 மார்க் 2. 2023 தொடக்கத்தில் அமெரிக்காவில் சுமார் 2,000 டாலருக்கு வந்தது. மின்விசிறி, இரண்டு எஸ்டி கார்டு, முழு அளவு எச்டிஎம்ஐ, 10 பிட் எல்லாம் அதில் உண்டு. பழைய லூமிக்ஸ்களில் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஆடும் என்ற புகார் நியாயமானது. எஸ் வரிசையில் ஃபேஸ் டிடெக்‌ஷன் ஃபோகஸ் (எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்று கேமராவே உடனே கண்டுகொள்ளும் முறை) முதலில் வந்ததே இந்த மாடலில்தான். குறை என்றால், 4கே 50 ஃப்ரேமில் எடுக்கும்போது சென்சாரின் நடுப்பகுதி மட்டுமே வேலை செய்யும். சின்ன மண்டபத்தில் அகலக் கோணம் குறைந்துபோகும்.

சோனி பக்கம் போனால் எஃப்எக்ஸ்3. 2021இல் 3,900 டாலருக்கு வந்தது. மின்விசிறியும், எக்ஸ்எல்ஆர் மைக் செருகும் கைப்பிடியும் சேர்ந்து வரும், வியூஃபைண்டர் கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஏ7எஸ் மார்க் 3 ஏறக்குறைய அதே வீடியோவைத் தரும். அதில் வியூஃபைண்டர் உண்டு, மின்விசிறி இல்லை. இரண்டும் கைக்கு எட்டவில்லை என்றால் எஃப்எக்ஸ்30: சென்சார் சிறியது, ஆனால் மின்விசிறியும் இரண்டு கார்டும் உண்டு, வந்தபோது விலை 1,800 டாலர். பலரும் ஆசைப்படும் இசட்வி-ஈ1 பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பெரிய சென்சார், கைக்கடக்கமான பாடி, பார்க்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு கார்டு, மின்விசிறியும் இல்லை. ஊர் சுற்றி வீடியோ போடுபவருக்குச் சரி, முகூர்த்தத்துக்கு வேண்டாம்.

கேனான் லென்ஸ்கள் கையில் இருந்தால் ஆர்5 குடும்பத்தைப் பார்ப்பீர்கள். 2020இல் வந்த முதல் ஆர்5 சூடேறி நின்றுபோவதற்கே பெயர் வாங்கியது. 2022இல் வந்த ஆர்5 சி-யில் மின்விசிறி வைத்தார்கள், ஆனால் பாடிக்குள் இருந்த சென்சார் நிலைப்படுத்தலை எடுத்துவிட்டார்கள். 2024இல் வந்த ஆர்5 மார்க் 2-வுக்கு மின்விசிறி வைத்த பிடியைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். நிகான்காரர்களுக்கு இசட்6 மார்க் 3, இசட்8 இரண்டும் நல்ல வீடியோ கேமராக்கள். சினிமா கேமரா செய்யும் ரெட் நிறுவனத்தையே 2024இல் நிகான் வாங்கிவிட்டது, அதனால் வீடியோவில் இனி அவர்கள் பின்வாங்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எதை எடுத்தாலும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் பாடியில் போடாதீர்கள். லென்ஸ், மைக், என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி), கார்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாம் மிச்சப் பாதியில்தான் வர வேண்டும்.

மின்விசிறியைப் பற்றியே பேசுகிறீர்களே, சூடு அவ்வளவு பெரிய பிரச்சினையா?

தைப்பூசம் எப்போது வருகிறது என்று பாருங்கள். தை மாதப் பௌர்ணமி, அதாவது ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி. வடக்கே அது பனிக்காலம், நமக்கு நடுக்கோடை. நம் தீவு தெற்கே 20 பாகையில் இருக்கிறது. ஜனவரி பிற்பகுதியில் உச்சிவேளைச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேலே நிற்கும். காலையில் ஆற்றங்கரையில் பூசையோடு கிளம்பும் ஊர்வலம் கோயிலுக்கு வந்து சேர உச்சிப்பொழுதாகிவிடும். காத்ர் போர்னில் கோர் தெ கார்ட் மலையடிவாரத்து முருகன் கோயில் என்றால் கடைசியில் படியேற்றமும் உண்டு. கறுப்பு நிறப் பாடியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு மணி நேரம் அந்த வெயிலில் நடக்கிறீர்கள். குளிர்சாதன அறையில் ஒரு மணி நேரம் ஓடியதாக யூடியூபில் காட்டும் கேமராவெல்லாம் இங்கே அதில் பாதி நேரம்கூடத் தாங்காமல் போகலாம்.

மின்விசிறி இல்லாத கேமரா வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. திரையைப் பாடியை விட்டு வெளியே திருப்பிவையுங்கள், பின்பக்கச் சூடு வெளியேற வழி கிடைக்கும். சோனியில் வெப்பத்தால் தானாக அணையும் அளவை மெனுவில் ‘ஹை’ என்று மாற்றிவிடுங்கள். தேவையில்லாத இடத்தில் 50 ஃப்ரேமை விட்டு 25க்கு இறங்குங்கள். ஊர்வலம் நிற்கும் இடங்களில் கேமராவை அணைத்து, வெள்ளைத் துண்டு போட்டு நிழலில் வையுங்கள். ஈரத்துண்டு வேண்டாம்.

29 நிமிடம் 59 விநாடியில் கேமரா நின்றுவிடுமாமே?

அது பழைய கதை. அரை மணி நேரமும் அதற்கு மேலும் பதிவுசெய்யும் கருவிகளை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டு ஐரோப்பிய ஒன்றியம் அதிகச் சுங்கவரி போட்டது. அதைத் தவிர்க்கத்தான் கம்பெனிகள் ஒரு விநாடி முன்னதாக நிறுத்தின. மேலே சொன்னவற்றில் முதல் ஆர்5 தவிர மற்றவற்றில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பழைய கேமரா வாங்கினால் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

8கே வேண்டாமா?

வேண்டாம். 4கே-யைவிட நான்கு மடங்கு பிக்சல், அதற்கேற்ற கோப்பு, அதற்கேற்ற சூடு. வாங்கிக்கொள்ளும் வீட்டார் வாட்ஸ்அப்பில் பார்க்கப் போகிறார்கள்.

24, 25, 30, 50, 60... எத்தனை ஃப்ரேமில் எடுப்பது?

இங்கே 25, மெதுவாகக் காட்ட நினைக்கும் இடத்தில் 50. அமெரிக்க யூடியூபர்கள் 24, 30, 60 என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் ஊர் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. கோயில் மண்டபத்து டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. ஷட்டரை விநாடியில் ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்று என்று வைத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் ஒரே அளவில் விழும். அறுபதில் ஒன்று என்று வைத்தால் படம் முழுக்க மெல்லிய பட்டைகள் மேலும் கீழும் ஊரும். எடுக்கும்போது சின்னத் திரையில் தெரியாது, எடிட்டிங்கில்தான் தெரியும். மலிவான எல்இடி அலங்கார விளக்குகள் இந்தக் கணக்குக்கும் அடங்காது. மண்டபத்துக்கு முந்தின நாளே போய் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

வெளியூரிலிருந்து தருவித்து வாங்கும்போது, மெனுவில் ‘பால்’ (PAL, 50 ஹெர்ட்ஸ் ஊர்களின் வீடியோ முறை) அல்லது 50 ஹெர்ட்ஸ் என்று மாற்ற முடிகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

காவடியை வெயிலில் எடுத்தால் வெளிச்சம் வெளிறிப்போகிறது, ரோஜா நிறத் துணி திட்டுத்திட்டாக வருகிறது. ஏன்?

இரண்டும் வேறு வேறு பிரச்சினை.

வெளிறுவதற்குக் காரணம், வீடியோவில் ஷட்டரை இஷ்டப்படி வேகமாக்க முடியாது. 25 ஃப்ரேமுக்கு ஐம்பதில் ஒன்று என்று வைத்தால்தான் அசைவு இயல்பாக இருக்கும். சோனி எஃப்எக்ஸ்3, ஏ7எஸ் 3 இரண்டிலும் எஸ்-லாக் 3 (நிறத்தையும் வெளிச்சத்தையும் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்ய வசதியாக மங்கலாகப் பதியும் ‘லாக்’ முறை) என்றால் அடிப்படை ஐஎஸ்ஓ 640. வெட்டவெளி வெயிலில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு லென்ஸை எஃப்2.8 வரை திறந்து எடுக்க வேண்டுமானால் எட்டரை ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் (ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது). எஃப்8 வரை மூடினால்கூட ஏறக்குறைய ஆறு ஸ்டாப், அதாவது என்டி64. இந்த வகைப் பாடிகளில் என்டி உள்ளே இல்லாததால் லென்ஸ் முன்னால் மாட்டுவதுதான் வழி. திருப்பித் திருப்பிக் கூட்டிக் குறைக்கும் வேரியபிள் என்டி ஊர்வலத்துக்கு வசதி. ஆனால் மலிவானதை முழு அளவுக்குத் திருப்பினால் படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல் கறுப்பு விழும். ஃபில்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ரோஜா நிறம் நம் ஊருக்கே உரிய தலைவலி. இங்கே காவடி எடுப்பவர்களில் நிறையப் பேர் பளிச்சென்ற ரோஜா நிறத் துணிதான் உடுத்துகிறார்கள். அந்த நிறத்தில் சிவப்பும் நீலமும் உச்சத்தில் இருக்கும், பச்சை மிகக் குறைவு. மொத்த வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம் எல்லாம் சரி என்று சொல்லும். ஆனால் சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டியிருக்கும். துணியின் மடிப்பெல்லாம் காணாமல் போய் ஒரே பூச்சாகத் தெரிவது அதனால்தான். பக்கத்திலேயே விபூதி பூசிய மார்பு, வெயிலில் மின்னும் பித்தளைச் சொம்பு, காவடி வளைவின் நிழலுக்குள் இருட்டாக முகம். 8 பிட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 10 பிட்டில் 1,024. இந்தக் காட்சிக்கு 10 பிட் ஆடம்பரம் இல்லை. லாக்கில் எடுத்து, வெளி மானிட்டரில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். மானிட்டர் இல்லை என்றால் சாதாரண ப்ரொஃபைலில் நிறச் செறிவைக் குறைத்து, வெளிச்சத்தையும் கொஞ்சம் இறக்கி எடுங்கள்.

காவடி ஆடும்போது ஃபோகஸ் மயிலிறகுக்கு ஓடிப்போகிறதே?

முகத்துக்கு முன்னால் இறகும் பூவும் எலுமிச்சம்பழமும் ஆடும்போது எந்த கேமராவும் கொஞ்சம் குழம்பும். குறுக்கே வந்ததற்கெல்லாம் தாவாமல் இருக்க, பொருள் மாறும் உணர்திறனைக் குறைத்துவையுங்கள். சோனியில் அது 5 படிகளில் இருக்கும்; 1 அல்லது 2 போதும். ஃபோகஸ் நகரும் வேகத்தையும் நடுவில் வையுங்கள். இதைவிடப் பெரிய விஷயம் நீங்கள் நிற்கும் இடம். நாக்கில் அலகு குத்தியவரின் முகத்துக்கு அருகே லென்ஸைக் கொண்டுபோய் நீட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாலடி தள்ளி நின்று 70 அல்லது 85 மி.மீ.யில் எடுங்கள். அவருக்கும் நல்லது, படமும் நன்றாக இருக்கும்.

கிம்பல் (கை ஆட்டத்தைச் சமன்செய்யும் மோட்டார் பிடி) தேவையா?

ஊர்வலத்துக்குத் தேவை, மண்டபத்துக்கு வேண்டாம். பாடிக்குள் இருக்கும் நிலைப்படுத்தல் நின்று எடுக்க நன்றாக உதவும். நடந்தபடி அகலக் கோணத்தில் எடுத்தால் படத்தின் மூலைகள் ஜெல்லி போல் ஆடும்.

நாதஸ்வரமும் தவிலும் பதிவாகும்போது ஏன் கிழிந்துபோகிறது?

பாடிக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்வாசியை ஒலிக்குக் கொடுத்தால் கல்யாண வீடியோக்கள் எங்கேயோ போய்விடும். கேமராவின் ஒலி அளவைத் தானியங்கியில் விட்டீர்கள் என்றால் என்ன ஆகிறது தெரியுமா? குருக்கள் மெதுவாக மந்திரம் சொல்கிறார், கேமரா அளவை ஏற்றிவைக்கிறது. கெட்டிமேளம் கொட்டுகிறது, முதல் அடி கிழிகிறது, கேமரா பயந்துபோய் அளவை ஒரேயடியாக இறக்குகிறது. மேளம் நின்ற பிறகு சில விநாடி எதுவுமே கேட்காது. அந்தச் சில விநாடியில்தான் பெண்ணின் அப்பா ஏதாவது சொல்லியிருப்பார்.

அளவைக் கையால் வையுங்கள். மேளம் முழு வேகத்தில் அடிக்கும்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். கையில் பணம் இருந்தால் 32 பிட் ஃப்ளோட் பதிவுக் கருவி ஒன்று வாங்குங்கள். ஜூம் எஃப்3 அப்படிப்பட்டது, உள்ளங்கை அளவுதான், இரண்டு எக்ஸ்எல்ஆர் செருகிகள் உண்டு. மெல்லிய மந்திரமும் தவில் அடியும் ஒரே பதிவில் கெடாமல் கிடைக்கும். அளவைப் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்யலாம். மைக்கே திணறிவிட்டால் அதுவும் காப்பாற்றாது, எனவே தவிலுக்கு எதிரே வைக்காதீர்கள். மண்டபத்தில் ஒலிபெருக்கி போடும் அண்ணனிடம் நல்லபடியாகப் பேசி அவருடைய மிக்ஸரிலிருந்தும் ஒரு வயர் வாங்கிக்கொள்ளுங்கள். பானசோனிக் ஜிஎச்7-இல் தனி அடாப்டர் மாட்டினால் 32 பிட் ஃப்ளோட் கேமராவுக்குள்ளேயே பதிவாகும். ஒலியைத் தனியாக ஒட்டும் வேலை மிச்சம்.

இரவுத் தீமிதிக்கு எது நல்லது?

வெளிச்சக் குறைவில் ஏ7எஸ் 3, எஃப்எக்ஸ்3 இரண்டும் இன்னும் முன்னால்தான் நிற்கின்றன. 12 மெகாபிக்சல் மட்டும் என்பதால் ஒவ்வொரு பிக்சலும் பெரிது. எஸ்-லாக் 3-இல் இவற்றுக்கு இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ உண்டு: 640, 12,800. நடுவில் 8,000, 10,000 என்று வைத்தால் 12,800-ஐவிடப் புள்ளிகள் அதிகமாகத் தெரியும். எஸ்5 மார்க் 2-இல் வி-லாக்கின் இரண்டாவது அடிப்படை 4,000. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதீர்கள். தணலைப் பார்த்ததும் கேமரா எல்லாவற்றையும் நீலமாக்கப் பார்க்கும். தணலின் நிறம் கெடாமல் இருக்கும்படி வெளிச்சத்தை வைத்துவிட்டு, முகங்கள் கொஞ்சம் இருட்டானாலும் பரவாயில்லை என்று விடுங்கள்.

என்ன கார்டு, எவ்வளவு இடம், பழைய லேப்டாப் தாங்குமா?

விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி, 200 என்றால் 90 ஜிபி. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகப் பதியும் ஆல்-இன்ட்ரா 600-க்குப் போனால் 270 ஜிபி. 200-இல் எடுத்தால் 128 ஜிபி கார்டு ஒன்றரை மணிக்குக்கூட வராது. வி60 (கார்டில் எழுதும் வேகத்தின் தரக்குறி) எஸ்டி கார்டு இந்த அளவுக்குப் போதும், 600-க்கு வி90 வேண்டும். இரண்டு கார்டையும் ஒன்று முடிந்து இன்னொன்று என்று வைக்காதீர்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகட்டும்.

லேப்டாப் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இந்த கேமராக்கள் தரும் 10 பிட் 4:2:2 எச்.265 என்ற, மிகவும் சுருக்கிப் பதிந்த கோப்பைப் பழைய கணினிகள் திக்கித் திணறித்தான் ஓட்டும். ஆப்பிள் எம்1 முதல் வந்தவையும், இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து உள் கிராஃபிக்ஸ் உள்ளவையும் சமாளிக்கும். என்விடியா கார்டுகளில் இந்த வகைக்கு நேரடி ஆதரவு 2025இல் வந்த 50 வரிசையில்தான் வந்தது. புதுக் கணினிக்குப் பணமில்லை என்றால் முதலில் ப்ராக்ஸி, அதாவது கோப்புகளின் சிறிய நகல், செய்து வெட்டுங்கள். இரவில் ஓடவிட்டால் காலையில் தயாராக இருக்கும்.

இங்கே வாங்குவதா, வெளியிலிருந்து தருவிப்பதா?

தருவித்தால் கேமரா விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த தொகைக்கு 15 சதவீதம் வாட் வரும். 2,000 டாலர் பாடி, 60 டாலர் கூலி என்றால் வரி மட்டும் 309 டாலர். இதைக் கூட்டிப் பார்த்துவிட்டு இங்குள்ள கடை விலையோடு ஒப்பிடுங்கள். வாரன்டி இந்தத் தீவில் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள். ஜப்பானில் விற்கும் சோனி பாடிகளில் மெனு பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும். இணையத்தில் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அது அப்படிப்பட்டதாக இருக்கலாம். விமானத்தில் கொண்டுவந்தால் பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள், சரக்குப் பெட்டியில் அனுமதி இல்லை.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. கல்யாண மண்டபத்தில் ஓடியது என்றால் சென்சாரைக் கவனியுங்கள். டிஜே போடும் லேசர் நேராக விழுந்தால் சென்சார் கருகும்; லென்ஸை மூடி ஒரு நிமிடமும், வெள்ளைச் சுவரைப் பார்த்து ஒரு நிமிடமும் எடுத்தால் கோடோ புள்ளியோ அசையாமல் நிற்பது தெரியும். லென்ஸைப் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி நூல் போல் ஏதாவது படர்ந்திருந்தால் பூஞ்சை. க்யூர்பிப், வாக்வா பக்கத்து ஈரக்காற்றில் வருடக்கணக்கில் அலமாரியில் கிடந்த லென்ஸ்களில் இது சாதாரணம். எச்டிஎம்ஐ ஓட்டையில் வயரைச் செருகி லேசாக ஆட்டிப் பார்க்கவும் மறக்காதீர்கள்.

மழை, உப்புக்காற்று, புயலுக்கு என்ன செய்வது?

காற்றுப்புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வையுங்கள். சின்ன மீட்டர் ஒன்று உள்ளேயே இருக்கட்டும். கடற்கரையில் எடுத்த அன்றைக்கே லேசாக ஈரமாக்கிய துணியால் பாடியைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். புயல் எச்சரிக்கை இரண்டாம் வகுப்பு வந்ததும் எல்லாப் பேட்டரிகளையும் சார்ஜ் போட்டு, ஹார்ட் டிஸ்கில் ஒன்றை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். காரில் எதையும் விட்டுவைக்காதீர்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் வெள்ளத்தில் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம்.

12 மெகாபிக்சல் கேமராவில் ஃபோட்டோவும் எடுத்துக் கொடுக்கலாமா?

கல்யாண ஆல்பத்துக்குப் போதும். சுவர் அளவுக்குப் படம் கேட்கும் வீடாக இருந்தால் ஃபோட்டோவுக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே ஆள் இரண்டையும் எடுத்தால் இரண்டிலும் தாலி கட்டும் நேரம் தவறிப்போகும்.